பன்னிரண்டில் இரண்டு

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹ் வைபவத்தை முன்னிட்டுப் பெரம்பலூர் மாவட்டத்துப் பூலாம்பாடிக்குச் செல்ல நேர்ந்தது. பச்சைமலைத் தொடருக்கு அருகே, சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி நிலங்களுக்கு நடுவே அமைந்த சிறு பேரூர் அது. ஊரின் அளவுக்குப் பொருந்தாத பெரிய பெரிய மாடி வீடுகள் அங்கே தென்படும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பாடுபட்டவர்களின் பணம் அவ்வாறு சுவராகவும் தளமாகவும் உருவெடுத்திருக்கிறது. சாப்பாடு முடிந்து ஒரு கடைத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். எனக்குப் பெரியத்தா முறையாகும் முதியவர் ஒருவரும், பட்டப்படிப்பு முடித்திருந்த அவருடைய பேரனும் உடனிருந்தனர். அப்பிள்ளையைப் பார்த்து, "தேர்வாணையத் தேர்வு எழுதுகிறாயா?" என்று கேட்டேன். அவன் வாய் திறக்குமுன் பெரியவர் விடையளித்துவிட்டார்: "நமக்கெங்கே தம்பி குடுக்கப் போறாங்க? பாஸ்போர்ட்டுக்குக் குடுத்தாச்சு."

அதில் கோபமில்லை, வருத்தமும் இல்லை. மழை பெய்யாது என்று சொல்வதுபோல் சொன்னார். நம் குடும்பங்களில் இவ்வார்த்தையைக் கேட்டிராத வீடு ஒன்றேனும் இருக்குமா என்பது ஐயமே. 'நமக்கெங்கே' என்னும் இவ்வொரு சொல் எத்தனை விண்ணப்பங்களை எழுதவிடாமல் தடுத்திருக்கிறது என்பதற்குக் கணக்கேதும் கிடையாது. ஆயினும் அச்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அது முழுப் பொய்யுமன்று, முழு மெய்யுமன்று. சர்க்கார் உத்தியோகத்தில் எல்லார்க்கும் இடம் வேண்டும் என்னும் எண்ணம் இந்நாட்டில், அதிலும் சென்னை மாகாணத்தில், எவ்வாறு தோன்றியது, வளர்ந்தது, முறிந்தது, மீண்டும் துளிர்த்தது என்பதை அறிந்தால்தான் பெரியவரின் வார்த்தையில் எப்பகுதி மெய், எப்பகுதி பழக்கதோஷம் என்று பிரித்தறிய இயலும்.

கம்பெனியார் ஆட்சியின் இறுதிக் காலத்திலேயே இச்சிக்கல் அதிகாரிகளின் கண்ணில் பட்டுவிட்டது. 1854ஆம் ஆண்டில் சென்னை ரெவினியூ போர்டு கலெக்டர்களுக்கு நிலையாணை ஒன்றைப் பிறப்பித்தது. ஜில்லாக்களிலுள்ள கீழ்நிலை உத்தியோகங்கள் செல்வாக்குள்ள ஒரு சில குடும்பங்களின் கைக்குள் முடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கியமான பதவிகளைப் பல சாதியினருக்கும் பகிர்ந்தளிக்க முயல வேண்டும் என்பது அதன் சாரம். அதிகாரிகள் இவ்வாணையை நீதியுணர்வினால் பிறப்பித்தார்கள் என்று நினைப்பதற்கில்லை. ஒரே குடும்பத்தின் மாமனும் மச்சானும் மைத்துனனும் கச்சேரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் வரிக்கணக்கு ஒழுங்காக வந்து சேராது என்னும் அச்சமே காரணமாக இருந்திருக்க வேண்டும். நோக்கம் எதுவாயினும் கொள்கை நல்லதே. ஆனால் அது ஏட்டோடு நின்றது.

எவ்வளவு நின்றது என்பதை அறுபதாண்டுக்குப் பிறகு வெளியான கணக்குகள் காட்டின. அரசுப் பணிகளை ஆராய 1912இல் இஸ்லிங்டன் பிரபுவின் தலைமையில் ராயல் கமிஷன் அமைக்கப்பட்டது. அதன் முன் சென்னை அரசாங்கத்தின் மூத்த அதிகாரி அலெக்சாண்டர் கார்டியூ 1913இல் சாட்சியமளித்தார். அக்காலத்துக் கணக்கின்படி மாகாணத்திலிருந்த டிப்டி கலெக்டர்கள் 140 பேர். அவர்களில் பிராமணர் 77, பிராமணரல்லாத இந்துக்கள் 30, முஸ்லிம்கள் 15, இந்தியக் கிறிஸ்தவர் 7, ஐரோப்பியரும் யுரேஷியரும் 11. ஜில்லா முன்சீப்கள் 128 பேரில் பிராமணர் 93, பிராமணரல்லாத இந்துக்கள் 25, இந்தியக் கிறிஸ்தவர் 5, ஐரோப்பியர் வகையினர் 3. முஸ்லிம்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே இரண்டு பேர்.

இவ்விரு எண்களையும் வாசகர்கள் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். டிப்டி கலெக்டர்களில் 140க்கு 15 என்பது மக்கள்தொகை விகிதத்துக்குக் குறைவன்று. சொல்லப்போனால் சற்று அதிகமே. முன்சீப்களில் 128க்கு 2 என்பதோ இல்லாமைக்கு மறுபெயர். ஒரே மாகாணம், ஒரே சமுதாயம், ஒரே ஆண்டு வாக்கில் எடுக்கப்பட்ட கணக்கு. ஏன் இந்த வேறுபாடு? டிப்டி கலெக்டர் பதவியில் அரசாங்கத்தின் நியமனத்துக்கு இடமிருந்தது. முஸ்லிம்களின் கல்வியையும் உத்தியோகத்தையும் குறித்து 1885இல் டப்ரின் பிரபுவின் அரசாங்கம் தனித் தீர்மானமே வெளியிட்டிருந்தது. எனவே சில நல்ல குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து அமர்த்தினார்கள். முன்சீப் பதவிக்கோ சட்டப் பட்டம் வேண்டும். அதற்கு முன்னே ஆங்கிலக் கல்லூரிப் படிப்பு வேண்டும். தயவினால் திறக்கும் கதவும் படிப்பினால் திறக்கும் கதவும் வெவ்வேறு என்பதே இக்கணக்கிலிருந்து நான் புரிந்துகொண்டது. தயவின் கதவு நகரத்துப் பெருங்குடும்பங்களுக்குத் திறந்தது. பெரம்பலூர் தாலுகாவின் லெப்பைக்கும் ராவுத்தருக்கும் எக்கதவும் திறக்கவில்லை. அவர்கள் தோல் மண்டிக்கும், வெற்றிலைக் கொடிக்காலுக்கும், கப்பலுக்கும் போனார்கள்.

1916ஆம் ஆண்டு இறுதியில் பிட்டி தியாகராயச் செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை இத்தகைய எண்களையே ஆயுதமாகக் கொண்டது. நான்காண்டு கழித்து நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1921 செப்டம்பர் 16ஆம் நாள் முதலாவது வகுப்புவாரி ஆணை, அதாவது நம் முன்னோர் 'கம்யூனல் ஜி.ஓ.' என்றே வழங்கிய ஆணை, பிறந்தது. 1854இன் நிலையாணையை அது எல்லாத் துறைகளுக்கும் விரிவாக்கியது. யார் யாரை வேலைக்கு எடுத்தீர்கள் என்று ஆறு மாதத்துக்கொரு முறை வகுப்பு வாரியாகக் கணக்குக் கொடுக்கும்படி துறைத் தலைவர்களைப் பணித்தது. 1922 ஆகஸ்டு 15இல் இரண்டாவது ஆணை வந்தது. இவ்விரண்டும் கணக்குக் கேட்டன; பங்கை நிர்ணயிக்கவில்லை. ஆயினும் கணக்குக் கேட்பதே ஒரு பெரிய காரியம் என்பதை மறந்துவிடலாகாது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எவரும் எண்ணாத இடத்தில் எவனும் விலக்கப்பட்டதாகவே தோன்றாது.

பங்கை நிர்ணயித்தது 1927 நவம்பரில் வெளியான ஆணை. டாக்டர் சுப்பராயனின் அமைச்சரவைக் காலம் அது. பன்னிரண்டு காலியிடங்களை ஒரு சுற்றாகக் கொண்டு, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1 என்று அது வகுத்தது. 1928இல் அமைச்சரான எஸ். முத்தையா முதலியார் தம் பொறுப்பிலிருந்த பத்திரப் பதிவுத் துறையில் அதைச் செயலுக்குக் கொண்டுவந்தார். அதனால்தான் அவர் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. ஆணை போடுவோர் பலர். அதை அலுவலகத்து நாற்காலி வரை கொண்டுபோய்ச் சேர்ப்போர் சிலர். 1929இல் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையில் சர்வீஸ் கமிஷன் நிறுவப்பட்டபோது, தேர்வும் பங்கும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

மாகாண மக்கள்தொகையில் முஸ்லிம்கள் அப்போது ஏறத்தாழ 100க்கு 7 பேர். பன்னிரண்டில் இரண்டு என்றால் 100க்கு 16க்கு மேல். தாராளமான பங்கு என்றே சொல்ல வேண்டும். அதை நாம் நிறைவாகப் பயன்படுத்திக்கொண்டோமா? உண்மையைச் சொன்னால் மனம் வலிக்கும். மேல்மட்டத்தில் நம்மவர் மின்னினார்கள். முகமது உஸ்மான் 1934இல் சென்னையின் தற்காலிக கவர்னராகவே இருந்தார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். கான் பகதூர் கலிபுல்லா சாகிப் 1937இன் இடைக்கால அமைச்சரவையில் இடம்பெற்றுப் பின்னர் புதுக்கோட்டையின் திவானானார். கோபுரத்துக் கலசம் பளபளத்தது. நடுத்தளம் காலியாகக் கிடந்தது. குமாஸ்தா, சப் ரிஜிஸ்திரார், ரெவினியூ இன்ஸ்பெக்டர் ஆகிய நடுத்தள உத்தியோகங்களுக்குப் பள்ளி இறுதித் தேர்வு தேறிய கிராமத்துப் பிள்ளைகள் வேண்டும். அவர்கள் நம்மிடம் குறைவு. பினாங்குக்குப் போனவன் மூன்றாண்டில் ஈட்டுவதைக் குமாஸ்தா முப்பதாண்டிலும் ஈட்ட மாட்டான் என்று வணிகக் குடும்பங்கள் போட்ட கணக்கும் தவறானதன்று. பணத்துக்கு அக்கணக்குச் சரி, அதிகாரத்துக்குச் சரியாகவில்லை.

விடுதலை வந்த ஆண்டிலேயே பங்கு மாறியது. 1947 நவம்பர் 21ஆம் நாள், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராயிருந்தபோது, சுற்று பன்னிரண்டிலிருந்து பதினான்காக்கப்பட்டது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. பன்னிரண்டில் இரண்டு பதினான்கில் ஒன்றாயிற்று. நாடு பிரிந்த ஆண்டு அது என்பதால் இதைப் பழிவாங்கலாகவே பலர் கருதினர். நான் அவ்வாறு எண்ணவில்லை. ஹரிஜனங்களுக்கு ஒன்று இரண்டானதும், பிற்பட்டோர்க்குத் தனியிடம் கிடைத்ததும் நியாயமே. பதினான்கில் ஒன்று என்பதும் நம் எண்ணிக்கைக்கு ஏறத்தாழப் பொருந்துவதே. ஆனால் 'பிற்பட்ட இந்துக்கள்' என்று அவ்வாணை பெயரிட்டதே, அங்கேதான் பின்னால் வந்த சிக்கலின் வித்து ஊன்றப்பட்டது. இந்துவல்லாதவன் பிற்பட்டவனாக முடியாது என்பது போல அச்சொற்சேர்க்கை அமைந்துவிட்டது.

இதைத் தொலைவிலிருந்தே கண்டுகொண்டவர் காயிதெ மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப். 1948 நவம்பர் 30ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் வேலைவாய்ப்புச் சமத்துவம் பற்றிய பிரிவு விவாதிக்கப்பட்டது. நகலில் அது 10ஆவது பிரிவு. இன்றைய அரசியல் சட்டத்தில் 16ஆவது. சமயம், இனம், சாதி, பால், பரம்பரை, பிறந்த இடம், வசிக்கும் இடம் ஆகிய எதன் பொருட்டும் அரசுப் பணியில் எவரையும் விலக்கலாகாது என்று அது கூறுகிறது. அதே பிரிவின் 4ஆம் உட்பிரிவு, போதிய இடம் பெறாத பிற்பட்ட வகுப்பினருக்கு அரசு இடம் ஒதுக்கலாம் என்கிறது. சென்னை மாகாணத்தில் 'பிற்பட்ட வகுப்பு' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு என்பதைக் காயிதெ மில்லத் எடுத்துரைத்தார். அரசாங்கம் வைத்திருக்கும் பட்டியலில் 150க்கு மேற்பட்ட வகுப்புகள் இருக்கின்றன. அவை அநேகமாக எல்லாம் பெரும்பான்மைச் சமுதாயத்தைச் சேர்ந்தவை. முஸ்லிம்களிலும் கிறிஸ்தவரிலும் பிற்பட்டோர் இருக்க, அச்சொல் அவர்களைத் தொடாமலே போகும் என்பது அவர் வாதம். உணர்ச்சிப் பேச்சன்று அது. அலுவலகக் கோப்புகளின் மொழி அறிந்தவரின் எச்சரிக்கை. சபை அதை ஏற்கவில்லை. பிரிவு நிறைவேறியது.

மூன்றாண்டுக்குள் எச்சரிக்கை பலித்தது. செண்பகம் துரைராஜன் வழக்கைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பாக எழுந்த அவ்வழக்கில் 1951 ஏப்ரல் 9ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு வகுப்புவாரி ஆணையைச் செல்லாதென்றது. ஆனால் அதே நாளில், அதே நீதிபதிகள் அளித்த மற்றொரு தீர்ப்பை நம்மவர் பெரும்பாலும் மறந்துவிட்டனர். உத்தியோகத்தைப் பொறுத்தவரை அதுவே நம் வீட்டு வாசலில் விழுந்த இடி. வெங்கடரமணா என்பவர் ஜில்லா முன்சீப் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். 1949 டிசம்பரில் அறிவிக்கப்பட்டிருந்த இடங்கள் 83. அவற்றை ஹரிஜனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறிஸ்தவருக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணருக்கு 11 என்று பிரித்திருந்தார்கள். ஹரிஜனங்களுக்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது 16ஆவது பிரிவின் 4ஆம் உட்பிரிவுக்குள் அடங்கும், ஏனைய பங்கீடு அடங்காது என்று கோர்ட்டு கூறிவிட்டது. முஸ்லிம்களின் 5 அன்றோடு மறைந்தது. 1913இல் இரண்டு பேர் இருந்த அதே முன்சீப் பதவிதான் இது என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

கோர்ட்டைக் கடிந்து பயனில்லை. வழக்காடியவர் பிராமணர் என்பதாலேயே ஓர் இடம் மறுக்கப்பட்டது என்றால், அரசியல் சட்டத்தின் சொற்படி அவர் பக்கம் நியாயம் உண்டு. வகுப்புவாரி முறையிலும் ஒரு குறையிருந்தது. அது தளமாகவும் இருந்தது, கூரையாகவும் இருந்தது. ஐந்து முஸ்லிம்களுக்கு இடம் உறுதி என்றால், ஆறாவது முஸ்லிம் எவ்வளவு திறமையாளனாயினும் வெளியே நிற்க வேண்டியதே. ஆனால் சமத்துவம் என்னும் நல்ல வாசகத்தின் துணைகொண்டே, 128இல் 2 என்னும் நிலையைச் சரிசெய்ய எழுந்த ஏற்பாடு கலைக்கப்பட்டது என்பதும் உண்மையே. இரண்டும் உண்மைதான், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறாகாது.

தமிழகம் கொதித்தெழுந்தது; பெரியார் தலைமையில் போராட்டம் மூண்டது; 1951 ஜூன் 18இல் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. சென்னை அரசு பிற்பட்டோர்க்கு 25 சதவீதம், தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர்க்கு 15 சதவீதம் என்று புதிய ஏற்பாட்டைச் செய்தது. முஸ்லிம்கள் என்னும் தலைப்பு எங்கும் இல்லை. பட்டியலில் பெயர் உள்ள பிரிவினன் பிற்பட்டவன். பெயர் இல்லாதவன் பொதுப்பிரிவில் நின்று போட்டியிட வேண்டும்.

அதே 1951ஆம் ஆண்டில்தான் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தொடங்கப்பட்டன. அதற்கான ஏற்பாடுகள் தீர்ப்புக்கு முன்பே நடந்துவந்தன என்பதால் இதைக் காரண காரியமாகக் காட்டுதல் தவறு. எனினும் பங்கு போன ஆண்டில் படிப்பு வந்தது என்பது நினைத்துப் பார்க்கத்தக்கது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருச்சிக் கல்லூரி பஸ் ஏறிப் போகும் தொலைவில் அமைந்தது. 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் சென்னையில் பெண்களுக்கென்றே கல்லூரி கண்டார்.

பெண்கள் என்றதும் ஒருவரைக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கேரளத்துப் பத்தனம்திட்டையில் ராவுத்தர் குடும்பத்தில் மீரா சாகிபின் மகளாய்ப் பிறந்த பாத்திமா பீவி, 1950இல் பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பெற்றார். 1958இல் முன்சீப் ஆனார். 1989இல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியானார். பின்னர் நம் தமிழகத்துக்கே கவர்னராக வந்து, 2023 நவம்பரில் மறைந்தார். படிப்பின் கதவு என்று மேலே சொன்னேனே, அதன் வழியே நுழைந்தவர் அவர்.

இதுவரை பேசியதெல்லாம் சென்னைக் கோட்டையும் டில்லிக் கோர்ட்டும். பூலாம்பாடி போன்ற ஊரின் குடியானவனுக்கு அரசாங்கம் என்றால் கோட்டையா? அவன் கண்ட அரசாங்கம் கர்ணமும் மணியக்காரருமே. பட்டா மாறுதலுக்கும், அடங்கல் நகலுக்கும், சான்றுக்கும் அவர்கள் வாசலில்தான் நின்றாக வேண்டும். 1895ஆம் ஆண்டின் சென்னைச் சட்டமொன்று அப்பதவிகளைப் பரம்பரை உரிமையாகவே வைத்திருந்தது. தகப்பன் கணக்கு எழுதினால் மகன் கணக்கு எழுதுவான். அக்குடும்பத்தில் பிறவாதவன் எம்மதத்தவனாயினும் எவ்வளவு படித்தவனாயினும் ஓரமாய் நிற்க வேண்டியதே. 1854இன் நிலையாணை எதை விலக்கச் சொன்னதோ, அதையே சட்டம் கிராமத்தில் காத்து நின்றது!

1960 டிசம்பரில் ஆந்திரத்துக் கிராமமொன்றின் முன்சீப் பதவி பற்றிய வழக்கில், பரம்பரை காரணமாக மட்டும் ஒருவருக்கு முன்னுரிமை தருவது 16ஆவது பிரிவுக்கு முரண் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தது. 'பரம்பரை' என்று அரசியல் சட்டத்தில் எழுதிய ஒற்றைச் சொல் அன்று வேலை செய்தது. இருந்தும் தமிழகத்தில் பழைய வழக்கத்தின் நிழல் இருபதாண்டு நீடித்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதவியிழந்தனர். வழக்குத் தொடுத்தனர், 1982இல் சுப்ரீம் கோர்ட்டு ஒழிப்பை ஏற்றது. அதன்பின் கிராம நிர்வாக அலுவலர் பதவி தேர்வாணையத் தேர்வுக்குரியதாயிற்று. வாழ்விழந்த குடும்பங்களின் துயரத்தை நான் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் என் கருத்தில் கிராமத்து எளியவனுக்கு வகுப்புவாரி ஆணையை விடவும் பெரிய கதவு இதுவே. ஊர்க்கணக்கு எழுதும் பதவிக்கு எவர் வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம் என்ற நிலை அன்றுதான் பிறந்தது.

பட்டியலின் கதைக்கு மீள்வோம். 1969இல் சட்டநாதன் குழு அமைந்து மறு ஆண்டு அறிக்கை தந்தது. 1971இல் பிற்பட்டோர் பங்கு 31 சதவீதமாயிற்று. 1980இல் 50 ஆயிற்று. 1989இல் அதிலிருந்து மிகவும் பிற்பட்டோர்க்கு 20 பிரிக்கப்பட்டது. பட்டியலில் இடம்பெற்ற நம் பிரிவினரும் இப்பெருங்கூட்டத்தோடு ஒன்றாய் நின்று போட்டியிட்டனர். பள்ளியில் பெயர் சேர்க்கும்போது 'முஸ்லிம்' என்று மட்டும் எழுதிவிட்டு வந்த தகப்பன்மார் எத்தனையோ பேர். 'இஸ்லாத்தில் சாதி ஏது?' என்பது அவர்கள் எண்ணம். எண்ணம் உயர்ந்ததே, ஆனால் பதினைந்தாண்டு கழித்து மகன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'லெப்பை' என்ற மூன்றெழுத்துச் சான்றிதழில் இல்லாமல் அலைந்த கதைகள் நம் ஒவ்வோர் ஊரிலும் உண்டு.

2005இல் மத்திய அரசு நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் குழுவொன்றை அமைத்தது. 2006 நவம்பரில் அறிக்கை வந்தது. நாட்டு மக்களில் 13.4 சதவீதமாயிருந்த முஸ்லிம்கள் ஐ.ஏ.எஸ். பதவிகளில் 3 சதவீதம், ஐ.பி.எஸ். பதவிகளில் 4 சதவீதம், ரயில்வேயில் 4.5 சதவீதம் என்றது. தமிழகத்தில் மக்கள்தொகையில் 5.6 சதவீதம், மாநில அரசுப் பணியில் 3.2. இத்தனைக்கும் 2001 கணக்கெடுப்பின்படி தமிழக முஸ்லிம்களில் எழுத்தறிந்தோர் 82.9 சதவீதம், மாநில சராசரி 73.5தான்! எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகுதி, உத்தியோகத்தில் உள்ளவர் குறைவு. வடநாட்டு முஸ்லிம்களின் நிலைக்கு நேர் எதிரான புதிர் இது.

அவ்வறிக்கையில் இன்னொரு செய்தி உண்டு. மேடைகளில் அதை எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 2003, 2004ஆம் ஆண்டுகளில் சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வு எழுதியோரில் முஸ்லிம்கள் 4.9 சதவீதமே. ஆனால் எழுதியவர்கள் தேறிய விகிதம் மற்றவர்களுடையதற்கு ஏறத்தாழச் சமம். அதாவது தேர்வுக்கூடத்துக்குள் சென்றவனை அங்கே எவரும் பெரிதாக வடிகட்டிவிடவில்லை. தேர்வுக்கூடத்துக்குச் சென்றவர்களே குறைவு. பெரியத்தாவின் 'நமக்கெங்கே' எவ்விடத்தில் வேலை செய்கிறது என்பதை இந்த எண் காட்டுகிறது.

சச்சார் குழு சம வாய்ப்பு ஆணையம் ஒன்று வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 1964இன் சிவில் உரிமைச் சட்டத்தின்கீழ் அத்தகைய ஆணையம் 1965 முதல் இயங்குகிறது; பிரிட்டனில் 1976இன் இன உறவுச் சட்டம் அத்தகைய அமைப்பை உண்டாக்கியது. வேலையில் தனக்கு ஓரவஞ்சனை நடந்தது என்று கருதுபவன் கோர்ட்டுக்கு ஓடுமுன் சென்று முறையிட ஓரிடம் என்பதே இதன் கருத்து. மாதவ மேனன் தலைமையிலான நிபுணர் குழு 2008இல் அதற்கு நகலும் தயாரித்துக் கொடுத்தது. நகல் நகலாகவே இருக்கிறது.

தமிழகத்தில் வேறு வழி பிறந்தது. 2007 செப்டம்பர் 15 முதல் பிற்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. அப்போது முதலமைச்சர் கலைஞர் கருணாநிதி. அன்சார், தக்காணி முஸ்லிம், தூதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் அடங்கிய லெப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினர் இதில் அடங்குவர். கிறிஸ்தவர்களுக்கும் 3.5 சதவீதம் தரப்பட்டது. பெருங்கூட்டத்தில் நின்றபோது கிடைத்ததைவிட இது குறைவென்று அவர்கள் கருதியதால் அவர்கள் விருப்பப்படியே 2008இல் அது திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் கணக்குப் பார்த்தது போல நாமும் ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கிறோமா என்பது தனிக்கேள்வி. இனச்சுழற்சியில் 200 இடங்களுக்கு 7 நமக்கு. சிறு துறைகளில் ஆண்டுக்கு ஓரிரு இடமே காலியாகும்போது நம் முறை வருவதற்குள் ஆண்டுகள் பல கழியும் என்பதும் உண்மை.

நாற்காலி கிடைத்தபின் நடப்பது வேறு கதை. அதற்கு வகுப்புவாரி ஆணை எதுவும் மருந்தாகாது. மதுரை ஹைகோர்ட்டுக் கிளை 2024 ஜூலையில் அளித்த தீர்ப்பு ஒன்றைச் சொல்கிறேன். 2009இல் பணியில் சேர்ந்த காவலர் ஒருவர் 2018இல் 31 நாள் விடுப்பெடுத்து மக்கா சென்று திரும்பினார். காலில் நோய்த்தொற்று ஏற்பட்டு மேலும் விடுப்புக் கேட்டார். விடுப்பு மறுக்கப்பட்டது, அதோடு, தாடி வைத்திருந்ததும் குற்றச்சாட்டாயிற்று. ஊதிய உயர்வு மூன்றாண்டு நிறுத்தப்பட்டது. மேல்முறையீட்டில் அது இரண்டாண்டாகக் குறைந்தது. கோர்ட்டு அத்தண்டனையை ரத்துச் செய்தது. முஸ்லிம் காவலர்கள் பணியிலும் ஒழுங்காகத் தாடி வைத்துக்கொள்ளலாம் என்று 1957ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் கெஜட்டிலேயே இருப்பதை அது எடுத்துக்காட்டியது. அறுபத்தேழு ஆண்டுக்கு முந்திய அனுமதி! இராணுவத் துறைகளுக்கு இவ்விதி பொருந்தாது. விமானப் படை வீரர் ஒருவரின் வழக்கில் 2016இல் சுப்ரீம் கோர்ட்டு மாறாகவே தீர்ப்பளித்தது. ஆனால் காவலரின் வழக்கில் வேண்டியதாயிருந்தது புதிய உரிமையன்று. பழைய கெஜட்டின் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் பொறுமையே.

பூலாம்பாடித் திண்ணையில் இவ்வளவும் சொல்ல அவகாசம் இல்லை. எண்களை மட்டும் சொன்னேன். "அந்தக் காலத்துல நமக்கு எவ்வளவுன்னீங்க?" என்று பெரியத்தா கேட்டார். பன்னிரண்டில் இரண்டு என்றேன். "இப்போ?" இருநூறில் ஏழு. அவர் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரன் அதற்குள் எழுந்து என்னருகே வந்து, வேப்பந்தட்டை தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழுக்கு என்னென்ன காகிதம் கொண்டுபோக வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டான். பள்ளிச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. பார்த்து வர வீட்டுக்குப் போனான்.